பெட்டியில் 1200, கையில் 300: வயர்லெஸ் வேகக் கேள்விகள்

வீட்டு வை-ஃபையில் தொடங்கி தென்னந்தோப்பைத் தாண்டும் ரேடியோ லிங்க் வரை, "வேகம் ஏன் வரவில்லை?" என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம். அடிப்படைக் கணக்கு முதல் பதிலிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): ஏசி1200 ரவுட்டர் வாங்கினேன். ஃபைபர் இணைப்பு 500 எம்பிபிஎஸ். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று போனில் சோதித்தாலும் 300-ஐத் தாண்டவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி, கொஞ்சம் ஏற்றி 1200 என்று பெட்டியில் போடுவது தயாரிப்பாளர்களின் வழக்கம். உங்கள் போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஏதாவது ஒரு அலைப் பட்டையில்தான் இணையும். ஆகவே இந்தக் கூட்டல் யாருக்கும் உதவாது.

அந்த 867-ம் இரண்டு ஆன்டெனா உள்ள கருவிக்குத்தான். போனில் வை-ஃபைக்கு ஒரே ஆன்டெனா இருந்தால் உச்சம் 433. போனின் வை-ஃபை அமைப்பில், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரத்தைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒரு எண் இருக்கும். அதில் 433 என்று இருந்தால் உங்கள் சந்தேகம் தீர்ந்தது. லிங்க் ஸ்பீடில் 60 முதல் 70 சதவீதம்தான் உண்மையான டேட்டாவாகக் கைக்கு வரும். 433-க்கு 280, 300 என்பது நல்ல மகசூல்.

மீதி எங்கே போகிறது? வை-ஃபையில் ஒரு சேனலில் (பட்டைக்குள் ஒரு தடம்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரவுட்டர் பேசும்போது போன் கேட்க வேண்டும், போன் பேசும்போது ரவுட்டர் கேட்க வேண்டும். பேசுவதற்கு முன் சேனல் காலியா என்று பார்ப்பதும், எதேச்சையாகக் கொஞ்சம் காத்திருப்பதும் கட்டாயம். 5 கிகாஹெர்ட்ஸில் 1500 பைட் கொண்ட ஒரே ஒரு டேட்டாப் பொட்டலத்தை (பாக்கெட்) 867 வேகத்தில் அனுப்பும் கணக்கைப் பாருங்கள். சேனல் காலி என்று உறுதி செய்ய 34 மைக்ரோ விநாடி. எதேச்சைக் காத்திருப்பு சராசரியாக 67. முன்னுரை சமிக்ஞை சுமார் 40. டேட்டா வெறும் 14. பிறகு 16 இடைவெளி, 'கிடைத்தது' என்ற ஒப்புகைக்கு 28. மொத்தம் சுமார் 200 மைக்ரோ விநாடி. அதில் டேட்டா 14 மட்டுமே. பொட்டலங்களை இப்படி ஒவ்வொன்றாக அனுப்பினால் 867 என்று எழுதிய ரேடியோவில் 60 எம்பிபிஎஸ்தான் தேறும்.

இதைச் சமாளிக்கத்தான் பொட்டலங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் முறை 2009-இல் வந்த 802.11என் தரத்தில் நுழைந்தது. 64 பொட்டலங்களை ஒரே கட்டாக அனுப்பி ஒரே ஒப்புகை வாங்கினால், அதே ரேடியோவில் கணக்குப்படி 700-ஐத் தொடலாம். தலைப்புத் தகவல்கள், டிசிபி (டேட்டா முழுதாகச் சேர்ந்ததை உறுதி செய்யும் முறை) ஒப்புகைகள் எல்லாம் கழிந்து 500 முதல் 600 நிற்கும். பெரிய கோப்பு இறங்கும்போது கட்டுகள் நிறைகின்றன, வேகம் ஏறுகிறது. சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஓடும் குரல் அழைப்பும் ஆன்லைன் விளையாட்டும், எடுத்துக்கொள்ளும் டேட்டாவுக்குப் பொருத்தமே இல்லாத அளவு காற்று நேரத்தை, அதாவது சேனலைப் பிடித்து வைக்கும் நேரத்தை, தின்னும்.

இந்தக் 'காற்று நேரம்' என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்ற பதில்கள் தானே விளங்கும்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் 94-ஐ ஒரு புள்ளிகூடத் தாண்டமாட்டேன் என்கிறது. ரவுட்டரை மாற்றினோம், சேனலை மாற்றினோம். அதே 94.

பதில்: எண் அசையாமல் நிற்கிறது என்றாலே வை-ஃபை குற்றவாளி இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ரேடியோ வேகம் ஆடிக்கொண்டே இருக்கும். 94 என்பது 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டின் உச்சம். எங்கோ ஒரு ஒயர் 1000-க்குப் பதில் 100-இல் இணைந்திருக்கிறது.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் போர்ட்டின் (இணைய ஒயர் வந்து செருகும் துளை) வேகம் 100 என்கிறதா, 1000 என்கிறதா பாருங்கள். 100 என்றால் முதலில் ரவுட்டரின் விவரக்குறிப்பைப் படியுங்கள். விலை குறைந்த ஏசி1200 மாடல்கள் பலவற்றில் போர்ட்டே 100-தான். காற்றில் 867 வாங்கி ஒயரில் 100 கொடுக்கும் பெட்டி அது. அதற்கு மருந்து கிடையாது.

போர்ட் 1000 ஆக இருந்து இணைப்பு மட்டும் 100 என்றால் ஒயரைப் பாருங்கள். 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும்: 1, 2, 3, 6 ஆகிய பின்கள். 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும், கனெக்டரைச் சரியாக கிரிம்ப் செய்யாவிட்டாலும், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இரு முனையையும் வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அப்போதும் ஏறாவிட்டால் ஒயரையே மாற்ற வேண்டியதுதான். மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த மலிவு ஒயர் வளைவுகளில் முறியும். விலையைப் பார்க்காமல் முழுச் செம்பு கேட்-6 கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): கீழ்த்தளத்தில் ஹாலில் ரவுட்டர். மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வருவதே இல்லை. 2.4 வருகிறது, ஆனால் நத்தை. ரிப்பீட்டர் வாங்கலாமா?

பதில்: வாங்குமுன் கணக்கைப் பாருங்கள். திறந்த வெளியில் 10 மீட்டர் தள்ளி நின்றால் 2.4-இல் சுமார் 60 டெசிபல் (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) இழப்பு, 5.5-இல் 67. இது வெறும் தூரத்துக்கு. 9 அங்குலச் செங்கல் சுவர் ஒன்று 5 கிகாஹெர்ட்ஸில் 10 முதல் 15 டெசிபல் எடுத்துக்கொள்ளும். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் 20-க்கு மேல். கட்டுமானத்தைப் பொறுத்து இவை கூடும், குறையும்.

ரவுட்டர் 20 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிவு) விடுகிறது என்று வையுங்கள். 10 மீட்டரில் மைனஸ் 47. ஒரு தளமும் ஒரு சுவரும் குறுக்கே வந்தால் மைனஸ் 84 பக்கம் போய்விடும். 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ரிசீவரின் இரைச்சலே மைனஸ் 89. மீதம் 5 டெசிபல். மிகத் தாழ்ந்த வேகத்தில் ஒட்டிக்கொள்வதற்கே அது தள்ளாடும். ஒரு அலைத்துடிப்பில் அதிக பிட்டுகளைத் திணிக்கும் வேகமான முறைகளுக்கு, சிக்னல் இரைச்சலைவிட 30 டெசிபல் மேலே இருந்தாக வேண்டும்.

மனதில் வைக்க வேண்டிய எண்கள்: மைனஸ் 50 அருமை, மைனஸ் 65 வரை நன்று, மைனஸ் 70-இல் வேகம் பாதிக்குக் கீழ், மைனஸ் 80-இல் இணைப்பு பெயருக்கு.

ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை போகும், வேகம் பாதி. அதையும் சிக்னல் செத்த மாடி அறையிலேயே செருகினால், செத்த சிக்னலைத்தான் பெருக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் பாதி வழியில், மைனஸ் 60 முதல் 65 வரும் இடத்தில் வையுங்கள். படிக்கட்டு ஓரம் பொதுவாகச் சரிவரும், ஏனென்றால் அங்கே தளம் திறந்திருக்கிறது.

சரியான வழி ஒன்றுதான்: மாடிக்கு ஒரு கேட்-6 ஒயர் இழுத்து அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (ஒயரில் வரும் இணையத்தை வை-ஃபையாக விடும் பெட்டி). பழைய ரவுட்டர் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, ஐபி முகவரியை மாற்றி, ஒயரை லான் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு.

ரவுட்டர் இப்போது எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் மேல், பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு டவரைத் திட்டுபவர்களே அதிகம். உலோகம் எதுவும் அருகில் இல்லாமல், தலை உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): ரவுட்டருக்குப் பின்னால் அலுமினிய ஃபாயில் வைத்தால் வேகம் கூடுமா? 9 டிபிஐ (சிக்னலை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவு) ஆன்டெனா மாட்டலாமா?

பதில்: ஃபாயில் சில டெசிபலை முன்பக்கம் திருப்பிவிடும், பின்பக்கத்து அறை அந்த அளவை இழக்கும். 9 டிபிஐ குச்சி ஆன்டெனா புதிதாக சக்தியை உண்டாக்காது. மேலும் கீழும் போவதை நசுக்கிப் பக்கவாட்டில் தள்ளும். ஒரே தள வீடு என்றால் மாட்டலாம். மாடி வீடு என்றால் மாடிக்காரர் உங்களைத் தேடி வருவார்.

கேள்வி (கோவை வாசகர்): அடுக்குமாடிக் குடியிருப்பு. ஸ்கேன் செய்தால் 30 வை-ஃபை தெரிகிறது. 1, 6, 11 மூன்றிலும் கூட்டம் என்பதால் சேனல் 3-க்கு மாற்றினேன். முன்னைவிட மோசமாகிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன். அதுவும் சில சமயம் காணாமல் போகிறது.

பதில்: கூட்டத்தைத் தவிர்க்க நடுவில் போய் உட்காரும் இந்தத் தவறு எங்கும் நடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பிடிக்கும் அகலம் 20. ஆகவே 3-இல் இருப்பவர் 1-இலும் 6-இலும் காலை நீட்டுகிறார்.

ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ளும். மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெலிதாகக் கேட்டாலும், 'அவர் பேசுகிறார், நான் பொறுக்கிறேன்' என்று நிற்கும். அரைகுறையாக மேலே விழும் வேறு சேனலின் பேச்சு புரியாது, வெறும் இரைச்சல். இரைச்சல் என்றால் மைனஸ் 62-ஐத் தாண்டினால்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 20 டெசிபலில், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசி, பொட்டலம் கெட்டு, மறுபடி அனுப்பி, இன்னும் கூட்டமாக்குகிறார்கள். 1, 6, 11 தவிர வேறு எதுவும் வேண்டாம். மூன்றில் எது என்று முடிவு செய்ய, எத்தனை பெயர் தெரிகிறது என்று எண்ணாதீர்கள். மைனஸ் 70-க்கு மேல் உரக்கக் கேட்கும் ரவுட்டர் எந்தச் சேனலில் குறைவோ அங்கே போங்கள். 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையான விடுதலை 5 கிகாஹெர்ட்ஸ்தான். இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்தப் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் 160 அகலம் வைத்தால் 36 முதல் 64 வரை, அல்லது 100 முதல் 128 வரை மொத்தமாகப் பிடிக்க வேண்டும். இரண்டிலும் ரேடார்களோடு பகிரும் சேனல்கள் கலந்திருக்கின்றன. 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். ரேடார் போல ஏதாவது பட்டால் உடனே சேனலைக் காலி செய்யும். நீங்கள் பார்த்த 'காணாமல் போவது' பெரும்பாலும் இதுதான். அகலத்தை 80 ஆக்கி, 36 அல்லது 149-இல் நிறுத்துங்கள். அங்கும் பக்கத்து வீட்டு ரவுட்டர் உரக்கக் கேட்டால் 40. அகலத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் 3 டெசிபல் குறையும். அதனால் தூரத்து அறையில் 40-உம் 80-உம் கிட்டத்தட்ட ஒரே வேகம் தருவதும் உண்டு.

கேள்வி (காரைக்குடி வாசகி): மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் புளூடூத் பாட்டு விக்குகிறது. லேப்டாப்பில் வெளி ஹார்டு டிஸ்க் செருகினாலும் வை-ஃபை மந்தமாகிறது. பின்னது எப்படி?

பதில்: அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கதவோரம் கசியும் துளி ஆற்றலே ரேடியோவுக்கு இடிமுழக்கம். யுஎஸ்பி 3 கருவிகளும் ஒயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அகன்ற இரைச்சலைப் பரப்பும். லேப்டாப் ஆன்டெனா ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை நீளமான, நல்ல உறை போட்ட ஒயரில் தள்ளி வையுங்கள். இல்லையேல் வை-ஃபையை 5-க்கு மாற்றுங்கள், இரண்டு தொல்லையும் போகும்.

கேள்வி (திருச்சி, பயிற்சி மைய நிர்வாகி): எங்கள் பயிற்சி மையத்தில் 5 ஆக்சஸ் பாயின்ட், 120 மாணவர்கள். இணைப்பு 500 எம்பிபிஎஸ், அதில் 80 கூடப் பயன்படுவதில்லை. ஆனால் எல்லோரும் 'சுற்றிக்கொண்டே இருக்கிறது' என்கிறார்கள். மாணவர், ஆசிரியர், அலுவலகம், விருந்தினர் என்று நான்கு பெயர் வைத்திருக்கிறோம்.

பதில்: உங்கள் இணைப்பு காலியாக இருக்கிறது, காற்று நிரம்பிவிட்டது. அதை நிரப்புவது பெரும்பாலும் டேட்டா அல்ல.

ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும், ஒவ்வொரு பெயருக்கும், 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று பீக்கன் விடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கடையில் வந்தபடி விட்டால் அது 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போகும். 300 பைட் பீக்கனுக்கு 2.6 மில்லி விநாடி. அதாவது ஒரு பெயருக்குக் காற்று நேரத்தில் 2.5 சதவீதம். நான்கு பெயருக்கு 10. ஒரே சேனலில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை ஒன்று கேட்டால் 20 சதவீதம், ஒரு மாணவர்கூட உள்ளே வராமலேயே.

செய்ய வேண்டியவை. பெயர்களை இரண்டாக்குங்கள், அலுவலகத்தையும் ஆசிரியர்களையும் விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) வைத்துப் பிரிக்கலாம். குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள்: 2.6 மில்லி விநாடி பீக்கன் 0.22-க்கு இறங்கும். மிகப் பழைய பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர் ஏதாவது இருந்தால் அது இணையாமல் போகலாம். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தொல்லை மெதுவான கருவிகள். வராந்தா ஓரத்தில் 6 எம்பிபிஎஸ்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு போன், 1500 பைட்டை அனுப்ப 2 மில்லி விநாடி எடுக்கும். உள்ளே 867-இல் இருப்பவருக்கு அதே வேலைக்கு 0.014. மெதுவானவர் ஒருவர் ஒருமுறை பேசி முடிப்பதற்குள் வேகமானவர் நூறு முறைக்கு மேல் பேசியிருக்கலாம். ஆக்சஸ் பாயின்டில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்ற அமைப்பு இருந்தால் போடுங்கள். அது பொட்டல எண்ணிக்கையை விட்டு, நேரத்தைச் சமமாகப் பங்கிடும்.

ஐந்து ஆக்சஸ் பாயின்டில் மூன்றில் 2.4 ரேடியோவை அணைத்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் எல்லாவற்றுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், ஒவ்வொன்றுக்கும் வேறு சேனல். அகலம் குறைத்தால் உச்ச வேகம் விழும் என்று பயப்பட வேண்டாம். வகுப்பறையில் யாருக்கும் 400 தேவையில்லை. ஒருவருக்கு 3 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வந்தால் வீடியோ பாடம் ஓடும். ஒரு ரேடியோவுக்கு ஒரே சமயத்தில் சுறுசுறுப்பாக இருப்பவர்கள் 25, 30-க்குள் அடங்கும்படி பாருங்கள்.

கடைசியாக, சக்தியை முழுதாக ஏற்றி வைத்திருந்தால் இறக்குங்கள். போன் 15 டிபிஎம் அளவில்தான் பேசும். ஆக்சஸ் பாயின்ட் அதைவிட மிக உரக்கப் பேசினால், போனுக்கு நாலு கோடு தெரியும், ஆனால் போன் சொல்வது இதற்குக் கேட்காது. வகுப்பு மாறிய பிறகும் பழைய ஆக்சஸ் பாயின்டை விடாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் இதனால்தான். 2.4-இல் 10 முதல் 12, 5-இல் 15 முதல் 17 டிபிஎம் போதும்.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): அரிசி ஆலைக்கும் குடோனுக்கும் 3 கிலோமீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸில் 23 டிபிஐ டிஷ் இரண்டு பக்கமும். நடுவே தென்னந்தோப்பு. சிக்னல் மைனஸ் 78. வேகம் 15 எம்பிபிஎஸ், காற்றடித்தால் 5, மழை பெய்தால் லிங்க்கே விழுகிறது. நிறுவியவர் 'மழைக்கு அப்படித்தான்' என்கிறார்.

பதில்: 5.8 கிகாஹெர்ட்ஸில், 3 கிலோமீட்டருக்குக் கொட்டும் மழைகூட ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் எடுக்காது. மழை மேல் பழி போடுவதற்கு முன், வர வேண்டிய சிக்னல் எவ்வளவு என்று பார்ப்போம்.

ரேடியோ 13 டிபிஎம், டிஷ் 23. மொத்தம் 36 வெளியே போகிறது. 3 கிலோமீட்டருக்குத் திறந்த வெளி இழப்பு 117 டெசிபல். எதிர் டிஷ் 23 திருப்பித் தருகிறது. மைனஸ் 58 வர வேண்டும்; கனெக்டர், சில்லறை இழப்பு என்று இரண்டு விட்டால் மைனஸ் 60. உங்களுக்கு மைனஸ் 78. காணாமல் போன 18 டெசிபலைத் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் தோப்பு. எதிர் டிஷ் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது சரியல்ல. இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவே ரேடியோ அலைக்குச் சுருட்டு வடிவில் இடம் வேண்டும். ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். 3 கிலோமீட்டருக்கு, 5.8-இல், நட்டநடுவில் அதன் ஆரம் 6.2 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 3.7 மீட்டர், சுத்தமாக இருக்க வேண்டும். பார்வைக் கோடு தென்னங்குருத்தைவிட 4 மீட்டர் மேலே போக வேண்டும். மரம் வளர்வதற்கு இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகம் 5-க்கு விழுவது மட்டை ஆடுவதால். மழையில் லிங்க் விழுவதற்கு நனைந்த மட்டை ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் தண்ணீர். டிஷ்ஷின் கனெக்டரிலும் ஈதர்நெட் நுழைவிலும் நீர் இறங்கியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் கனெக்டரை மாற்றுங்கள். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் வெயில் தாங்கும் பிவிசி டேப். ஒயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். நீர் அங்கே சொட்டிவிடும்.

மூன்றாவது, திசை. டிஷ்ஷுக்கு முதன்மைக் கற்றை மட்டுமல்ல, பக்கக் கற்றைகளும் உண்டு. பக்கக் கற்றையில் பிடித்துவிட்டால் 15, 20 டெசிபல் குறைவாக லிங்க் வரும், நிறுவியவர் 'வந்துவிட்டது' என்று நட்டை முறுக்கிவிடுவார். ஒரு பக்கம் அசையாமல் வைத்து, மறுபக்கத்தை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். சின்ன மேடு, பெரிய மேடு, சின்ன மேடு என்று மூன்று வரும். நடுவில் உள்ளதுதான் உங்களுடையது. பிறகு மேல் கீழ். பிறகு எதிர்ப்பக்கம். டிஷ்ஷுக்குள் உள்ள இரண்டு ஆன்டெனாப் பாதைகளின் சிக்னலும் 3 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவென்றால் உள் ஒயரோ கனெக்டரோ பழுது.

மைனஸ் 60 வந்த பிறகும் வேகம் வராவிட்டால் 'தூரம்' அமைப்பைப் பாருங்கள். 3 கிலோமீட்டர் போக 10 மைக்ரோ விநாடி, ஒப்புகை திரும்ப இன்னொரு 10. வீட்டு வை-ஃபைக்கான கெடுவில் விட்டிருந்தால், ஒப்புகை வருவதற்குள் ரேடியோ பொறுமையிழந்து அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். லிங்க் ஸ்பீடு அழகாக இருக்கும், டேட்டா நகராது. தூரத்தை 3.5 கிலோமீட்டர் என்று கையால் போடுங்கள். சேனல் அகலம் 40. சேனலைத் தேர்ந்தெடுக்க இரண்டு முனையிலும் ஸ்கேன் செய்யுங்கள். ஆலையில் அமைதியாக இருக்கும் சேனலில், குடோன் பக்கம் உள்ளூர் இணையக்காரரின் டவர் கத்திக்கொண்டிருக்கலாம். கெடுப்பது கேட்கும் முனையில் உள்ள இரைச்சல்தான்.

எல்லாம் சரியானால் இரண்டு திசையும் சேர்த்து 150 எம்பிபிஎஸ் எதிர்பார்க்கலாம். கம்பத்தை உயர்த்தும்போது மின்கம்பிக்கு எட்டாத இடமா என்று பாருங்கள். எர்த்தும் மின்னல் தடுப்பானும் இல்லாமல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி (தேனி வாசகர்): வீட்டில் 4ஜி ரவுட்டர். முழுக் கோடு காட்டுகிறது, ஆனால் இரவில் 3 எம்பிபிஎஸ். மாடியில் ஆன்டெனா வைத்து 10 மீட்டர் ஒயர் இழுத்தேன், இன்னும் குறைந்துவிட்டது.

பதில்: கோடு சிக்னலின் பலத்தைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ரவுட்டர் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (பலம்), எஸ்ஐஎன்ஆர் (தரம்) என்று இரண்டு எண் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 80 நன்று, மைனஸ் 110 மெலிவு. எஸ்ஐஎன்ஆர் 20 என்றால் அருமை, 0-க்குக் கீழ் என்றால் பக்கத்து டவர் உங்கள் டவரை மூடிப் பேசுகிறது.

விடியற்காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் சோதியுங்கள். காலையில் 40, இரவில் 3 என்று வந்து எஸ்ஐஎன்ஆர் பெரிதாக மாறாவிட்டால், டவரில் கூட்டம். அதற்கு ஆன்டெனா மருந்தாகாது. ரவுட்டரில் வேறு பட்டையைப் பூட்டிப் பாருங்கள், 2300-க்குப் பதில் 1800, அல்லது வேறு நிறுவனம். காலையிலும் மோசம், எஸ்ஐஎன்ஆரும் மோசம் என்றால் ஆன்டெனா உதவும்.

உங்கள் 10 மீட்டர் ஒயர் ஆர்ஜி-58 ஆக இருந்தால், 2300 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 10 டெசிபலை விழுங்கும். ஆன்டெனா தந்த லாபம் போய், மேலும் நஷ்டம். எல்எம்ஆர்-400 என்றால் 2 டெசிபல்தான், ஆனால் விலை கடிக்கும். அதைவிட, ரவுட்டரையே மாடியில் நிழலான மழை புகாப் பெட்டியில் வைத்து, கீழே ஈதர்நெட் இறக்குங்கள். ஈதர்நெட்டில் 100 மீட்டர்வரை டேட்டா குறையாது. வெளி ஆன்டெனா வைப்பதானால் இரண்டு வேண்டும், ஒன்று இடச்சாய்வாக 45 டிகிரி, மற்றது வலச்சாய்வாக. ஒன்றை மட்டும் மாட்டினால் ஒரே சமயம் இரண்டு தடத்தில் டேட்டா வருவது நின்று உச்ச வேகம் பாதியாகும்.

கேள்வி (வேளச்சேரி வாசகி): வேகச் சோதனையில் 100 காட்டுகிறது. ஆனால் மகன் படங்களை கிளவுடில் ஏற்றும்போது என் வீடியோ அழைப்பு உறைகிறது.

பதில்: மகன் ஏற்றும் படங்கள் ரவுட்டரில் நீண்ட வரிசை கட்டி நிற்கின்றன, உங்கள் குரல் அதன் வாலில். அந்த நேரத்தில் பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) போட்டுப் பாருங்கள், 20 மில்லி விநாடி 400 ஆகியிருக்கும். ரவுட்டரில் எஸ்கியூஎம் (வரிசையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) இருந்தால் போட்டு, உங்கள் உண்மையான பதிவேற்ற, பதிவிறக்க வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். 10 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். எஸ்கியூஎம் இல்லாவிட்டால் கிளவுட் செயலியிலேயே ஏற்றும் வேகத்துக்கு வரம்பு போடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, விவசாயி): தோப்பில் 40 இடத்தில் லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ) சென்சார்: கிணற்று நீர்மட்டம், மண் ஈரம். தூரம் எட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் எஸ்எஃப்12-இல் (மிக மெதுவான, ஆனால் மிகத் தூரம் எட்டும் நிலை) வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னேன். பாதிக்கு மேல் வருவதில்லை.

பதில்: 10 பைட் தகவலை எஸ்எஃப்7-இல் அனுப்ப 62 மில்லி விநாடி. எஸ்எஃப்12-இல் 1,483. ஒவ்வொரு படி ஏற்றும்போதும் காற்று நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, பதிலுக்குக் கிடைப்பது சுமார் 2.5 டெசிபல்.

40 சென்சார், நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றரை விநாடி: 60 விநாடியில் 59 விநாடி காற்று நிறைந்துவிட்டது. வை-ஃபை போல லோரா சென்சார் காலியா என்று கேட்டுப் பேசுவதும் இல்லை; தோன்றியபோது பேசும். இப்படிப்பட்ட முறையில், கச்சிதமாக அமைந்தாலும், காற்று நேரத்தில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகத் தேறாது. 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் மூன்று அடிப்படைச் சேனல்களில் பிரித்தாலும் ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் ஆகிறது, மோதல் நிச்சயம்.

நீர்மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை போதும், சேனலுக்கு 2.2 சதவீதம் ஆகிவிடும். எல்லா சென்சாரும் ஒரே மணி அடித்தாற்போல் அனுப்பாமல், நேரத்தில் சில விநாடி எதேச்சை வித்தியாசம் சேருங்கள். தகவமைப்பு வேக அமைப்பைப் போட்டால், கேட்வேக்கு (சென்சார்களின் தகவலைப் பெறும் பெட்டி) அருகில் உள்ளவை தாமாக எஸ்எஃப்7-க்கு இறங்கும், பேட்டரியும் பிழைக்கும். கிணற்றுக்குள் ரேடியோவை வைத்திருந்தால் வெளியே எடுங்கள். சென்சார் ஒயர் மட்டும் உள்ளே போகட்டும், ஆன்டெனா தரையிலிருந்து 3, 4 மீட்டர் மேலே கம்பத்தில் இருக்கட்டும். அதன் பிறகும் எஸ்எஃப்12 கேட்கும் சென்சார் இரண்டு மூன்று மிஞ்சினால், அவற்றுக்காக கேட்வே ஆன்டெனாவை உயர்த்துங்கள்.